இருபத்து மூன்று படங்களும் என் ஸ்டிக்கரும்

மார்ச் 2, ஞாயிறு

இந்த டைரி நகைக்கடையில் கொடுத்தது. ஜனவரியிலிருந்து சும்மா கிடக்கிறது. கோடுகளை இப்படி மங்கலாக அடித்துக் கொடுத்தால் யார் எழுதுவார்கள்? அதனால் இரண்டு கோட்டுக்கு ஒரு வரியாக எழுதுகிறேன். தாளுக்கு ஒன்றும் பஞ்சமில்லை.

என் பேர் தெய்வானை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆறாவது படிக்க அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும், அனுப்பவில்லை. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் செக்கிங். செக்கிங் என்றால், தைத்து வந்த ஒவ்வொரு பீஸையும் விளக்குக்கு அடியில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கரை ஒட்டுவது. குறை இல்லாவிட்டால் பாஸ். நான் பாஸ் போட்ட பெட்டியை ஒரு வெளிநாட்டுக்காரனும் திருப்பி அனுப்பியதில்லை. வேலையிலிருந்து நின்றுகொள்ளும்போது ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். மிச்சமிருந்த ஸ்டிக்கர் ரோல் ஒன்றை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இன்று ஏன் எழுத ஆரம்பிக்கிறேன் என்றால், என் மகள் பரிமளத்தின் பெண் கோகிலவாணிக்கு வைவா தேதி குறித்தாயிற்று. ஏப்ரல் 24, வியாழன். டாக்டர் பட்டம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, அதற்கும் மேலே. சாயப்பட்டறைத் தண்ணீரிலிருந்து நிறத்தை எடுக்கத் தேங்காய்த் தொட்டிக் கரியை, அதாவது கொட்டாங்குச்சியைச் சுட்ட கரியை, வைத்து ஐந்து வருஷம் ஆராய்ச்சி. கடைசியாக எல்லார் முன்னாலும் நின்று படம் காட்டிப் பேச வேண்டும். வெளியூரிலிருந்து வருகிற அம்மா ஒருத்தர் கேள்வி கேட்பார். அவர் சரி என்றால் பட்டம். ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்கும் எடுத்துவிட்டார்கள். ஜூனில் பட்டத்தோடு போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

வருகிற அம்மா பெயர் திலகவதி. போன வருஷம் யாரோ ஒருவருடைய வைவாவில், "படத்துல இருக்கற எண்ணே தெரியல, மூணு மாசம் கழிச்சுத் தெரியற மாதிரி கொண்டு வாங்க" என்று சொல்லி எழுந்து போய்விட்டாராம். இதை வாணிதான் சொன்னாள். எனக்கு அந்த அம்மாவைப் பார்க்காமலேயே பிடித்துவிட்டது. அதுதான் செக்கிங்.

மார்ச் 5, புதன்

வாணி தன் லேப்டாப்பைக் கொண்டு வந்து டிவியில் மாட்டினாள். ஒத்திகை. எனக்குச் சமையலறை வாசலில் நாற்காலி.

"அம்மிச்சி, நீதான் கடைசி பெஞ்சு. உனக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி."

இருபத்து மூன்று படங்கள். படம் என்றால் ஆளோ மரமோ இல்லை. கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு, நடுவில் மலை இறங்குகிற மாதிரி வளைந்து வளைந்து கோடுகள். கரி எத்தனை நேரத்தில் எவ்வளவு நிறத்தைக் குடிக்கிறது என்று அதைப் பார்த்தால் தெரியுமாம். பார்க்க முடிந்தால்.

"தெரியுதா?"

"மங்கலா இருக்குது அம்மணி."

பரிமளம் குக்கரை இறக்கிவிட்டு வந்து பார்த்தாள். "ஆமாண்டி. எண்ணெல்லாம் எறும்பு மொய்ச்ச மாதிரி இருக்குது."

விஷயம் இதுதான். படத்தை வரைகிற சாப்ட்வேர் வேறு, மேடையில் காட்டுகிற பவர்பாயின்ட் வேறு. அங்கிருந்து இங்கே கொண்டு வருவதற்கு இவள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டியிருக்கிறாள். சின்னதாக இருக்கிற வரைக்கும் பளிச்சென்று இருக்கிறது. இழுத்துப் பெரிசாக்கினால் கோடெல்லாம் படிக்கட்டு.

நான் எழுந்து போய், ஒவ்வொரு படமாக நிறுத்தச் சொல்லி, குறை இருக்கிற இடத்தில் டிவி மேலேயே ஸ்டிக்கர் ஒட்டினேன். இருபத்து மூன்று. சாயங்காலம் மாப்பிள்ளை கிரிக்கெட் போட்டபோது பந்து எது, ஸ்டிக்கர் எது என்று தெரியாமல் இரண்டு ஓவர் பார்த்தார். "அத்தை..." என்று மட்டும் சொன்னார். நல்ல மனுஷன்.

மார்ச் 6, வியாழன்

இப்போது வருகிற ஊசிகளுக்குக் காதை மிகவும் சின்னதாக வைக்கிறார்கள். நூல் எப்படி நுழையும்?

மார்ச் 9, ஞாயிறு

மாராத்தாள் வந்தாள். கம்பெனியில் என் பக்கத்து டேபிள், இங்கே பக்கத்துத் தெரு. இரண்டு கண்ணிலும் புரை எடுத்து ஒரு மாதம் ஆகிறது. கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, வந்ததும் வராததுமாக, "தெய்வானக்கா, உங்க பேன்ல இத்தனை ஒட்டடையா!" என்றாள்.

நான் அண்ணாந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"நீங்களும் ஒருக்கா காட்டிப் போடுங்க்கா. கால் மணி நேர வேலைதானுங்."

"உனக்கு அப்பவே கண்ணு கிடையாது. எனக்கென்ன கேடு?"

சிரித்துக்கொண்டே நான் போட்ட காப்பியை ஒரு வாய் குடித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "உப்புக் காப்பி எந்த ஊருப் பழக்கமுங்க்கா?"

பரிமளம் டப்பாக்களை இடம் மாற்றி வைத்தால் நான் என்ன செய்வது?

மாராத்தாளுக்கு நாற்பது வயதிலேயே பார்வை குறைந்துவிட்டது. கண்ணாடியை மடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனதும் போட்டுக்கொள்வாள். ஒரு திங்கட்கிழமை அவளைச் செக்கிங்கிலிருந்து எடுத்து, பிசிர் வெட்ட அனுப்பிவிட்டார்கள். கீழே தரையில் உட்கார்ந்து நூல் வெட்டுகிற வேலை. கண்ணாடி போட்டவளுக்குச் செக்கிங் டேபிள் கிடையாது, அந்தக் காலத்தில் அப்படி. சூப்பர்வைசருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கம்பெனியில் எல்லாம் நடக்கும். என் டிபன் டப்பாவிலிருந்து அவித்த முட்டை ஒரு வருஷம் தினமும் காணாமல் போயிற்று. எடுத்தது யார் என்று இன்று வரை தெரியாது, இத்தனை கண் இருந்தும்.

மார்ச் 12, புதன்

வாணி எல்லாப் படத்தையும் மறுபடியும் எடுத்தாள். இந்தத் தடவை ஒவ்வொன்றும் சுவரொட்டி அளவு. பவர்பாயின்ட் அதைத் திறந்து முடிப்பதற்குள் நான் அரைக் கிலோ சின்ன வெங்காயம் உரித்துவிட்டேன்.

திறந்ததும் நன்றாக இருந்தது என்று பரிமளம் சொன்னாள். எனக்கு வெங்காயத்தால் கண்ணில் நீர்.

பிறகு வாணி சேமித்து, மூடி, திரும்பத் திறந்தாள். பழையபடி மங்கல் என்று அவளே சொன்னாள். சேமிக்கும்போது இடத்தை மிச்சம் பிடிக்க அதுவே படத்தை அமுக்கிவிடுகிறதாம். அமுக்காதே என்று சொல்ல உள்ளே ஒரு இடம் உண்டாம். சொன்னாள். அமுக்கவில்லை, ஆனால் கனம் தாங்காமல் பாதி வழியில் நின்றுவிட்டது. ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடு சாருக்கு ஒவ்வொரு படமாக வாட்ஸப்பில் அனுப்பினாள். அது தன் பங்குக்கு ஒரு அமுக்கு அமுக்கியது. அவர், "என்னம்மா இது, மழையில நனைஞ்ச பேப்பரா?" என்று பேசி அனுப்பியிருந்தார்.

ஸ்டிக்கர்: 23.

மார்ச் 17, திங்கள்

இப்படியே விட்டால் ஆகாது என்று வாணியைக் கூட்டிக்கொண்டு சிவகுரு மாஸ்டரிடம் போனேன். பனியன் மேல் பிரிண்ட் போடுகிறவர். எங்கள் கம்பெனி வேலை எல்லாம் அவரிடம்தான். அவருக்குப் படம் என்றால் என்னவென்று தெரியும்.

வாணி செல்போனைக் காட்டினாள். பார்த்த உடனே சிரித்துவிட்டார்.

"ஏனுங்க்கா, கல்யாண வீட்டுக்காரங்கதான் வாட்ஸப்புல மாப்பிள்ளை போட்டோ அனுப்பி, முப்பது அடிக்கு அடிச்சுக் குடுன்னு உசுரெடுப்பாங்க. படிச்ச புள்ளையுமா?"

இரண்டு துணியை எடுத்துப் போட்டார். ஒன்று கைக்குழந்தை சட்டை, அதில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு யானை. இன்னொன்று ஆறடி ஆள் போடுகிற பனியன், முதுகு நிறைய அதே யானை.

"பாரு அம்மணி, தும்பிக்கை ஓரம் ரெண்டுலயும் பிளேடுல வெட்டின மாதிரி இருக்குதா? இது போட்டோ இல்ல. போட்டோன்னா புள்ளி புள்ளியா அடுக்கினது. இழுத்தா புள்ளி பெருசாயிப் பல்லக் காட்டும். இது கோடு. இங்கிருந்து அங்க வரைக்கும் இப்படி வளைஞ்சு போன்னு எழுதி வெச்சது. சட்டைல போட்டாலும் சரி, லாரித் தார்ப்பாய்ல போட்டாலும் சரி, அந்தந்த அளவுக்குப் புதுசா வரைஞ்சுக்கும். வெக்டார்ன்னுவாங்க. பார்ட்டி போட்டோ கொண்டாந்தா, கோடாப் போட்ட கோரல் பைல் இருந்தாக் குடுங்க, இல்லாட்டிக் கெளம்புங்கன்னுருவேன். உன்ற படம் அந்த சாப்ட்வேர்ல பொறக்கறப்பவே கோடாத்தான பொறக்குது? அதைய எதுக்குப் போட்டோ புடிச்சுக் கொன்னே?"

வாணி வாயைத் திறந்தபடி நின்றாள். "எஸ்விஜி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கோட்டைக் கோடாகவே எடுத்து வருகிற பைலுக்கு அந்தப் பெயராம்.

நான் யானையைத் தடவிப் பார்த்தேன். விரலுக்கு ஓரம் நன்றாகத் தெரிந்தது.

மார்ச் 19, புதன்

இருபத்து மூன்றையும் எஸ்விஜியாக எடுத்து உள்ளே வைத்தாயிற்று. லேப்டாப் கனக்கவில்லை, நிற்கவில்லை. வாணி ஒரு படத்தை இழுத்துப் பெரிசாக்கினாள். இன்னும் பெரிசாக்கினாள். பரிமளம் கை தட்டினாள். மாப்பிள்ளை, "அருமைங்க" என்றார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"மங்கலாத்தான் இருக்குது."

"எங்கம்மா மங்கல்?" என்றாள் பரிமளம்.

"கோட்டச் சுத்திப் பொகை மாதிரி இருக்குது. எண்ணுக்கு வால் மொளைச்சிருக்குது."

வாணி டிவியில் மூக்கு முட்டுகிற அளவுக்குப் போய்ப் பார்த்தாள். "எனக்குத் தெரியலியே..."

"அம்மா சொல்றத விடுடி."

"இல்லம்மா. அம்மிச்சி முப்பத்தோரு வருஷம் பார்த்த கண்ணு. அது பொய் சொல்லாது. எனக்குப் பார்த்துப் பார்த்துப் பழகிப் போச்சு, அதான் தெரியல." திரும்பவும் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்டிக்கர்: 23. அதில் ஒன்று காலண்டர் மேல் இருந்ததாக மாப்பிள்ளை சொன்னார். விசிறிக் காற்றுக்குப் பறந்திருக்கும்.

மார்ச் 21, வெள்ளி

பஸ்ஸில் ஊர் பெயர் எழுதுகிறவர்களுக்குப் பெயின்ட்டே கொடுப்பதில்லை போலிருக்கிறது. சந்தைக்கு என்று ஏறி அவிநாசியில் இறங்கினேன். வந்தது வந்தாயிற்று என்று கோயிலுக்குப் போய் வந்தேன். கூட்டமில்லை. நல்ல தரிசனம். தீபத்தைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிந்தது. பக்திதான் காரணம்.

மார்ச் 30, ஞாயிறு

வாணி கோட்டைத் தடிமனாக்கினாள். மங்கல் என்றேன். எழுத்தைப் பெரிசாக்கினாள். மங்கல் என்றேன். பச்சையைக் கருநீலமாக்கினாள். அது பச்சையாக இருந்ததே எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் இருபத்து மூன்றையும் திரும்ப எடுத்துத் திரும்ப வைக்கிறாள். பேசிப் பழகுவதை விட்டுவிட்டாள். கைடு சார் கொடுத்த நாற்பது கேள்வியில் நாலுக்குத்தான் பதில் எழுதியிருக்கிறாள். சோறு இறங்கவில்லை.

பரிமளம் என்னைத் துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனாள்.

"அம்மா, நெசமாவே உனக்கு மங்கலாத் தெரியுதா?"

"பின்ன நானென்ன விளையாடறனா?"

"படம் மட்டும்தான் மங்கலாத் தெரியுதா?"

இது என்ன கேள்வி? துணியை எடுத்து உதறினேன். போர்வை என்று நினைத்தேன், பார்த்தால் மாப்பிள்ளையின் லுங்கி. இரண்டும் கட்டம் போட்டதுதானே.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று எனக்கு வெற்றி!

கல்லூரி ஹாலில் ஒத்திகை. வாணி என்னையும் கூட்டிப் போனாள். அங்கே இருக்கிற கம்ப்யூட்டரில் போட்டதும் கைடு சார், "கோகிலா, மங்கலா இருக்கே" என்றார். கூட இருந்த இரண்டு டீச்சர்களும் மங்கல் என்றார்கள். நான் எழுந்து நின்று, "நான் அப்பவே சொன்னேனுங்" என்றேன். ஹால் முழுக்க என்னை ஒரு மரியாதையோடு பார்த்தது.

அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது பழைய பவர்பாயின்ட். அதற்கு எஸ்விஜி புரியாது. புரியாதவர்களுக்காக ஒவ்வொரு எஸ்விஜிக்குப் பின்னாலும் ஒரு சாதாரணப் போட்டோவும் ஒளிந்திருக்குமாம். பழைய பெட்டி அந்தப் போட்டோவைத்தான் எடுத்துக் காட்டுகிறது. வீட்டில் கோடு, கல்லூரியில் புள்ளி.

திரும்பி வரும்போது வாணி பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். "அம்மிச்சி, நீ மட்டும் பிடிவாதமாச் சொல்லலீன்னா நான் சிக்கியிருப்பேன்."

அவள் சொன்னதில் ஒரு கணக்கு இடித்தது. கல்லூரிக் கம்ப்யூட்டரில்தானே மங்கல். நான் வீட்டிலேயே மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் வெற்றி கிடைத்த நாளில் இதையெல்லாம் யோசிப்பார்களா?

ஏப்ரல் 13, ஞாயிறு

சிவகுரு மாஸ்டரைப் போனில் கேட்டோம். "பழைய பொட்டிக்கு இஎம்எஃப்பா மாத்திக் குடு அம்மணி. அதுவும் கோடுதான். கெழவனுக்கும் புரியற கோடு."

மாற்றினாள். சில படங்களில் கோட்டுக்குப் பின்னால் லேசாக நிழல் மாதிரி ஒரு பட்டை வைத்திருந்தாள். இஎம்எஃப்புக்கு லேசு தெரியாது, அந்தப் பட்டை தார் ஊற்றின மாதிரி கட்டியாகிவிட்டது. பட்டையை எடுத்துவிட்டுச் சின்னச் சின்னக் குச்சிகளாகப் போட்டாள். நாளை விடுமுறை என்பதால் செவ்வாய்க்கிழமைதான் கல்லூரியில் போட்டுப் பார்க்க முடியும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கல்லூரியில் போட்டார்கள். கைடு சார் பளிச் என்றார். டீச்சர்கள் பளிச் என்றார்கள். வாணி என்னைப் பார்த்தாள்.

எனக்குப் போன வாரம் இருந்த மாதிரியேதான் இருந்தது.

"மங்கல்" என்றேன். வேறென்ன சொல்வது? தெரிவதைத்தானே சொல்ல முடியும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்னும் நாலு நாள். வாணி காலையிலிருந்து பேசவில்லை. மத்தியானம் பரிமளத்திடம் போய், "கைடு சார்கிட்டத் தேதியத் தள்ளி வெக்கச் சொல்லட்டுமா? அம்மிச்சிக்கு மங்கலாத் தெரிஞ்சா அந்த மேடத்துக்கும் தெரியும். ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஆளுங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. தள்ளிப் போட்டால் ஜூன் போய்விடும். ஜூன் போனால் வேலை போய்விடும்.

நான் வாசலில் போய் நின்றேன். எதிர்வீட்டுச் சுவரில் கண் முகாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது என்று மாராத்தாள் சொல்லியிருந்தாள். சுவர் தெரிந்தது.

உள்ளே வந்து, "போடு அம்மணி, ஒருக்காப் பாக்கறேன்" என்றேன். இருபத்து மூன்றையும் ஓட்டினாள். நான் டிவிக்கு மேலே இருக்கிற கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாஸ்."

"நெசமாவா?"

"எல்லாம் பாஸ். போயிப் பேசிப் பழகு."

எழுந்து என்னைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். இரண்டு தோசை சாப்பிட்டாள்.

முப்பத்தோரு வருஷத்தில் நான் பார்க்காமல் பாஸ் போட்ட முதல் பீஸ். அதுவும் யாருடையது!

மாராத்தாளைப் பற்றிச் சூப்பர்வைசரிடம் சொன்னது நான்தான். எழுதிவிட்டேன். படிக்க யாரும் இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வைவா என்பது கல்யாணத்துக்கு ஒரு படி கீழே. டிபன் நம் பொறுப்பு. மைசூர்பாகு, காரச்சேவு, சமோசா. பட்டுச்சேலைகளில் ஒரம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாரும். மாப்பிள்ளை வாசலில் வாணியின் போட்டோவோடு பிளக்ஸ் வைத்திருந்தார். போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பி அடித்ததில் பெண்ணுக்கு மூக்கே இல்லை. இதை நான் மட்டும் சொல்லவில்லை, எல்லாரும் சொன்னார்கள். சிவகுரு மாஸ்டர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் முதல் வரிசை. பக்கத்தில் மாராத்தாள், கறுப்புக் கண்ணாடியோடு. திலகவதி அம்மா சின்ன உருவம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, சிரிப்பு கிடையாது.

வாணி பேசினாள். படங்கள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் பனிமூட்டத்தில் நிற்கிற மலைகள். ஒவ்வொரு படத்துக்கும் திலகவதி அம்மா குனிந்து ஏதோ எழுதினார். அங்கே என் பேத்தி நிற்கிறாள், நான் பார்க்காமல் போட்ட பாஸை நம்பி.

பேசி முடித்ததும் கைடு சார் எழுந்து, "பொதுமக்கள் யாராவது கேள்வி கேக்கறதுன்னா கேக்கலாம்" என்றார். அது ஒரு மரியாதைக்குச் சொல்வதாம். யாரும் கேட்க மாட்டார்கள். பின்வரிசையில் சமோசாத் தட்டைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் எழுந்தேன். பரிமளம் சேலையைப் பிடித்து இழுத்தாள். பட்டுச்சேலை என்பதால் உடனே விட்டுவிட்டாள்.

"நானுங். தெய்வானைங். இந்தப் புள்ளையோட அம்மிச்சி. செக்கிங்."

ஹால் சிரித்தது. திலகவதி அம்மா சிரிக்கவில்லை. "சொல்லுங்கம்மா."

"படம் பூராவும் மங்கலா இருக்குதுங். அது புள்ளை மேல தப்பில்லீங். அது மாத்தி மாத்திச் செஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. நாந்தான் பாக்காமயே பாஸ் போட்டுட்டேன். மூணு மாசம் கழிச்சு வரச் சொல்றதுன்னா அவளச் சொல்லாதீங். என்னையச் சொல்லுங், நான் வர்றேன்."

சமோசாத் தட்டு நின்ற இடத்தில் நின்றது. வாணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எந்தப் படம் ரொம்ப மங்கலுங்க?"

"பன்னெண்டுங்." வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பன்னெண்டு போடும்மா. பெருசு பண்ணு. இன்னும். நானூறு சதவீதம் வெச்சுப் பாரு."

கடைசி வரிசையிலிருந்து யாரோ, "தெளிவா இருக்குங்க மேடம்" என்றார். இன்னொருவரும் ஆமாம் என்றார். மாராத்தாள் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு என் காதோடு, "க்கா, கத்தியில வெட்டின மாதிரி இருக்குதுங்க்கா" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

திலகவதி அம்மா எழுந்து வந்து, என் கையைப் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் கூட்டிப் போனார். "இப்பத் தெரியுதுங்களா?"

பீஸை விளக்குக்குக் கிட்டே கொண்டு போனால் குறை தெளிவாகத் தெரியும். முப்பத்தோரு வருஷமும் அப்படித்தான். இங்கே நான் கிட்டே போனேன், புகையும் என்னோடு நடந்து வந்தது.

திரையில் கோட்டைத் தடவிப் பார்த்தேன். பிறகு சொன்னேன். "பீஸ்ல குறை இல்லீங். விளக்குலதானுங் குறை."

அவருக்குப் புரிந்துவிட்டது. மைக்குக்குக் கேட்காமல் குனிந்து சொன்னார். "எனக்கும் போன வருஷம்தாங்க ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாங்க. அதுக்கு முன்னால ஒருத்தரைப் படம் தெரியலன்னு திருப்பி அனுப்பிட்டேன். அப்புறம் பார்த்தா எங்க வீட்டுக் காலண்டரும் அப்படித்தான் தெரிஞ்சுது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் வேலையா அவரைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இதை வெளிய சொல்லாதீங்க."

நான் சொல்லவில்லை. டைரி வெளியில் இல்லை.

திரும்பிய திலகவதி அம்மா திரையையே பார்த்தார். பன்னிரண்டாம் படம் இன்னும் சுவர் நிறைய நின்றுகொண்டிருந்தது. "இந்த இடத்துல கோடு சின்னதா ஏறி இறங்குதே. இவ்வளவு பெருசா வெக்கலீன்னா கண்ணுலயே பட்டிருக்காது. என்னம்மா அது?"

வாணி கண்ணைத் திறந்தாள். "கரி நிறைஞ்சு, குடிச்ச நிறத்தையே கொஞ்சம் திரும்பக் கக்கற இடம் மேடம். ரெண்டு வருஷமா யாராவது கேப்பாங்களான்னு பார்த்துட்டு இருக்கேன்" என்று ஆரம்பித்தவள் பத்து நிமிஷம் நிறுத்தவில்லை. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் திலகவதி அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

முனைவர் கோகிலவாணி.

சமோசா ஆறிப்போயிருந்தது. இரண்டு சாப்பிட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

வாணி என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. காலையில் வந்து ஊசியில் நூல் கோத்து மேஜையில் வைத்தாள். பத்து ஊசி. பிறகு ஆஸ்பத்திரிக்கு எழுதி வைத்த தேதியைச் சொன்னாள். நான் எதிர்த்துப் பேசவில்லை.

மே 6, செவ்வாய்

ஆஸ்பத்திரி. துணைக்கு மாராத்தாள் வந்தாள். சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருக்கும்போது, இதற்கு மேல் தள்ளிப் போட்டால் முடியாது என்று தோன்றியது.

"மாரா, அன்னிக்கு உன்னையப் பத்தி சூப்பர்வைசர்கிட்டச் சொன்னது நான்."

"தெரியுமுங்க்கா."

"தெரியுமா? எப்ப இருந்து?"

"அன்னிக்கே தெரியும். உங்க டப்பாவுல ஒரு வருஷம் முட்டை காணாமப் போச்சுல்ல?"

நர்ஸ் வந்து, சிரிக்கக் கூடாது, கண்ணில் அழுத்தம் ஏறும் என்று எங்கள் இருவரையும் பிரித்து உட்கார வைத்தாள்.

மே 8, வியாழன்

கட்டுப் பிரித்தாயிற்று. ஒரு கண். இன்னொன்று அடுத்த மாதம்.

மின்விசிறியில் ஒட்டடை இருக்கிறது. நிறைய.

மே 18, ஞாயிறு

வாணியின் கெட்டி அட்டைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து வருஷ ஆராய்ச்சி. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து, ஒவ்வொரு படமாக, ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்து, கையால் ஓரம் தொட்டு, முறைப்படி பார்த்தேன். எண்ணுக்கெல்லாம் வால் இல்லை. கோடுகள் மயிரிழை மாதிரி ஓடுகின்றன. இந்தப் பெண்ணையா நான் ஒரு மாதம் அலைய விட்டேன்?

பத்தொன்பதாம் படத்தில் நிறுத்தினேன். மூன்றாவது கோடு கீழே இறங்கி முடிகிற இடத்தில், கட்டத்தைத் தாண்டி ஒரு நூல் வெளியே போயிருக்கிறது. கைடு சார் பார்க்கவில்லை. டீச்சர்கள் பார்க்கவில்லை. திலகவதி அம்மா, புதுக் கண்ணோடு, பார்க்கவில்லை.

ரோலில் கடைசி ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. ஒட்டினேன்.

வாணி வந்து பார்த்தாள். "அம்மிச்சி! பட்டமே குடுத்துட்டாங்க!"

"அது அவிய குடுத்த பாஸ். நான் இன்னும் குடுக்கல."

முறைத்தாள். பிறகு புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனாள். "அட, ஆமா" என்றாள். லேப்டாப்பைத் திறந்து பத்தொன்பதாம் படத்தை எடுத்தாள். போட்டோவாக இருந்திருந்தால் முதலிலிருந்து செய்ய வேண்டும். கோடு அல்லவா, அந்த ஒரு கோட்டின் நுனியை மட்டும் பிடித்து உள்ளே தள்ளினாள். நான் பார்த்தேன். மெய்யாகவே பார்த்தேன்.

"பாஸ்."

அவள் போன பிறகு இந்த டைரியை முதலிலிருந்து புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் எழுத்து இட்லி மாதிரி உப்பி, இரண்டு கோட்டுக்கு ஒரு வரியாகக் கிடக்கிறது. நகைக்கடைக்காரர்கள் கோட்டை நன்றாகத்தான் அடித்திருக்கிறார்கள். நல்ல நீலம்.